இளையோர் நாவலில் காதலனாக வரும் பையன்: நாற்பது பக்கம் வந்தவனை விட்டுவிட்டு ஒரு பக்கம் வந்தவனை ஏன் பிடிக்கிறது?

தொட்டிப்பாலம்
வெள்ளி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். குமரி மாவட்டம் திருவட்டார் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக ஒரு இளையோர் நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 15 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகள் படிப்பதற்கானது. கதாநாயகி பிளஸ் டூ. அவள் அம்மா குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். மார்த்தாண்டத்தில் டியூஷன் படிக்கும் இடத்தில் அவளுக்கு ஒரு பையன்மீது பிரியம் வருகிறது.

அந்தப் பையனை ஆசை ஆசையாக எழுதினேன். நல்ல உயரம், நெற்றியில் விழும் முடி, அப்பா வளைகுடாவில், கையில் கிட்டார். கோபம் வந்தால் பேசமாட்டான். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவன் அவளைப் பார்க்கிற பார்வைக்கே மூன்று பக்கம் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் என் அக்கா மகளிடம் கைப்பிரதியைக் கொடுத்தேன். 16 வயது. ஒரே ராத்திரியில் படித்து முடித்துவிட்டு வந்து முதலில் கேட்டது: "சித்தி, அந்த மழைப் பையனுக்கு ஏன் பேரு வைக்கல?"

யாரைச் சொல்கிறாள் என்றே எனக்குப் பிடிபடவில்லை. அவள்தான் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். ஏழாம் அத்தியாயம். மானம் இருட்டிக்கொண்டு வருகிறது. சிரட்டைகளில் பால் நிறைந்து நிற்கிறது, மழைத் தண்ணீர் விழுந்தால் அன்றைய கூலி போச்சு. எல்லாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நாயகியின் அம்மாவுக்கு முட்டுவலி, ஓட முடியாது. பக்கத்து வரிசையில் வெட்டுகிற 18 வயதுப் பையன் முதலில் அந்த அம்மாவின் மரங்களில் பாலை எடுத்துவிட்டு, அப்புறம் தன் வரிசைக்கு ஓடுகிறான். அதற்குள் மழை பிடித்துவிடுகிறது. அம்மாவின் பாடு எவ்வளவு என்று காட்டுவதற்காக எழுதிய காட்சி அது, அவனுக்காக எழுதியதே இல்லை.

"சரி, அந்த டியூஷன் பையன்?" என்று கேட்டேன்.

"அவன் பரவாயில்ல."

அந்தப் பரவாயில்லை என்னைத் தூங்கவிடவில்லை. இங்கே இளையோருக்கு எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். மனம்விட்டுச் சொல்லுங்கள்.

வடசேரி வாசகன்
வெள்ளி, இரவு 10.15

அக்கா, ஒரு கேள்வி. அந்த நாற்பது பக்கத்தில் டியூஷன் பையன் என்ன செய்கிறான்? எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. என்ன செய்கிறான்?

தொட்டிப்பாலம்
வெள்ளி, இரவு 10.32

இப்போதுதான் திரும்பப் புரட்டினேன். பார்க்கிறான். சிரிக்கிறான். கோபப்படுகிறான். ஒரு தடவை பைக்கில் கொண்டுபோய் விடுகிறான். கிட்டார் வாசிக்கிறான் என்று எழுதியிருக்கிறேன், ஆனால் கதையில் ஒரு இடத்தில்கூட அவன் வாசிக்கவில்லை.

மணக்குடி டீச்சர்
சனி, காலை 6.20

தொட்டிப்பாலம், உங்கள் அக்கா மகள் நல்ல வாசகி. அவளை விட்டுவிடாதீர்கள்.

முப்பது வருடம் தமிழ் நடத்தியவள் நான், அதனால் கொஞ்சம் வகுப்பு வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அகப்பாடல்களில் தலைவனுக்குப் பெயரே கிடையாது. காதலர் பெயரைச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது. முகம் எப்படி, மூக்கு எப்படி என்பதும் அதிகம் இருக்காது. 'மலைநாடன்', 'துறைவன்' என்று அவன் ஊரைச் சொல்வார்கள். அப்புறம் அந்த ஊரில் பலா எப்படிப் பழுக்கிறது, நண்டு மணலில் எப்படி ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அதிலேயே அவன் குணம் தெரிந்துவிடும். உங்கள் மழைப் பையனும் அதே மாதிரி வந்து நின்றிருக்கிறான். பெயர் இல்லை, முகம் இல்லை. தோட்டமும் மழையும் இருந்தன, அதற்குள் அவன் ஒரு காரியம் செய்தான்.

இன்னொன்று. நம் அகப்பாடல்களில் தலைவன் தலைவியிடம் நேரே போய் ஜெயித்துவிட முடியாது. தோழியைத் தாண்ட வேண்டும். தொலைந்துபோன யானை இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டுக்கொண்டு தினைப்புனத்துக்கு வருவான். அவன் கேட்பது யானையை இல்லை என்று தோழிக்குத் தெரியும். தழையாடை கொண்டுவந்து கொடுப்பான், வேண்டாம் என்று மறுத்துவிடுவாள். இப்படி அவனைத் தள்ளி நிறுத்துவதற்குச் சேட்படை என்று ஒரு துறையே இருக்கிறது. தள்ளி நிறுத்தும்போது அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான் பரீட்சை. உங்கள் நாயகிக்குத் தோழி இருக்கிறாளா? அவள் அந்தப் பையனை ஒரு கேள்வியாவது கேட்கிறாளா?

தொட்டிப்பாலம்
சனி, காலை 7.05

தோழி இருக்கிறாள் டீச்சர். ஆனால் கேலி பண்ணுவதற்கும் கடிதம் கொண்டுபோவதற்கும் மட்டும் வைத்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

மட்டிப்பழம்
சனி, காலை 11.48

நான் பிளஸ் டூ. இங்கே எழுதுவது முதல் தடவை. பெரியவர்கள் பேசும் இடத்தில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் எங்களுக்காக எழுதுகிற கதை என்பதால் சொல்கிறேன்.

எனக்குக் கதையில் வரும் பையன் அழகாக இருந்தால் பிடிக்கும். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அழகு என்று நீங்கள் எழுதுவதும் நாங்கள் பார்ப்பதும் வேறு. 'கூர்மையான நாசி' என்றால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பஸ்ஸில் ஒரு பையன் தினமும் சட்டைக்கையை முழங்கைவரை மடித்து விட்டிருப்பான், இடது கையில் மட்டும் மடிப்பு கலைந்து தொங்கும். இப்படி ஒன்றைச் சொன்னால் போதும், மிச்சத்தை நாங்களே நினைத்துக்கொள்வோம்.

அப்புறம், கதைகளில் பையன் எல்லாம் தெரிந்தவனாக இருக்கிறான். 17 வயதில் யாருக்கு எல்லாம் தெரியும்? என் வகுப்புப் பையன்களுக்குப் பரீட்சையைப் பற்றி எங்களைவிடப் பயம். அதைச் சொல்கிற பையனைத்தான் எனக்குப் பிடிக்கும். கோபம் வந்து பேசாமல் போகிற பையன் கதையில் நன்றாக இருப்பான். நிஜத்தில் ஒரு ஃபிரெண்டு அப்படி இருந்தாள், மூன்று வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

வடசேரி வாசகன்
சனி, மதியம் 12.30

தங்கச்சி, மன்னிப்பெல்லாம் கேட்காதே. இந்த இழையில் அதிகம் தேவைப்படுவது நீ சொல்வதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாப் பையனையும் நல்ல பிள்ளையாக ஆக்கிவிட்டால் கதை உபதேசம் ஆகிவிடும். உதவி செய்கிறான், அம்மாவை மதிக்கிறான், நன்றாகப் படிக்கிறான். இது பள்ளிக்கூட நன்னடத்தைச் சான்றிதழ். அவனுக்கு ஒரு குறை வேண்டும், அந்தக் குறையால் கதையில் ஏதாவது கெட வேண்டும். ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாதவன் என்று வையுங்கள். பணம் கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தர முடியாமல் ஒளிகிறவன் என்று வையுங்கள். 'அதிகமாகக் கோபப்படுவான், ஆனால் நல்லவன்' என்பது குறையே இல்லை, அது அலங்காரம்.

கருங்கல் வாசகி
சனி, மாலை 4.10

யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். இணையத்தில் தொடர்கதை படிக்கிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் தேடிப் படிப்பது ஆன்ட்டி ஹீரோ கதைகளை. அவன் மிரட்டுவான், கையைப் பிடித்து இழுப்பான், அவள் வேறு யாரோடும் பேசக் கூடாது என்பான். கடைசியில் அவள் அவனை மாற்றுவாள். நானும் வருடக்கணக்கில் படித்தேன், 38 வயதுவரை. அதனால் அதைப் படிக்கிறவர்களை யாரும் இளக்காரமாகப் பேச வேண்டாம். அதில் ஏதோ ஒன்று கிடைக்கிறது. அது என்ன?

நான் யோசித்துக் கண்டுபிடித்தது இது. எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள். என்னை மட்டும் உட்காரவைத்து யாரும் முழுதாகக் கேட்டதில்லை. அந்தக் கதைகளில் அவனுடைய முழுக் கவனமும் அவள்மேல் இருக்கிறது. ஆயிரம் பேர் நடுவில் அவள் எங்கே நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரிகிறது. எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கவனம்தான். மிரட்டல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்படியானால் இளையோருக்கு எழுதுகிறவர் செய்ய வேண்டியது அந்தக் கவனத்தை மிரட்டல் இல்லாமல் கொடுப்பது. போன மாதம் அவள் சொன்ன ஒரு சின்ன விஷயத்தை அவன் நினைவு வைத்திருக்கிறான். அவள் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் மறுபடி போய் நிற்கவில்லை. இது நெஞ்சை அடிக்காதா? எனக்கு அடிக்கும்.

வடசேரி வாசகன்
சனி, மாலை 5.00

பின்னால் சுற்றிச் சுற்றி வந்து சம்மதம் வாங்குவது சினிமா கெடுத்த கெடுப்பு. அதற்கு முன் நம் இலக்கியத்தில் அப்படி இல்லை.

மணக்குடி டீச்சர்
சனி, இரவு 8.35

தம்பி, அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. மடலேறுதல் என்று ஒன்று இருக்கிறது. தலைவிக்கு வீட்டில் சம்மதம் கிடைக்காவிட்டால், தலைவன் பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவள் படத்தைக் கையில் வைத்து ஊர்த்தெருவில் வருவான். ஊர் பேசும். அவமானம் தாங்காமல் அவள் வீட்டார் இறங்கிவருவார்கள். பெரும்பாலும் 'மடலேறுவேன்' என்று தோழியிடம் சொல்வதோடு நிற்கும். ஆனால் சொல்வதே ஒரு நெருக்கடிதானே. அவள் பெயரை ஊர் வாயில் போட்டுச் சம்மதம் வாங்குவது.

வகுப்பில் இதை நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் பையன்கள் கை தட்டுவார்கள். பெண்பிள்ளைகள் அமைதியாக இருப்பார்கள். அந்த அமைதியை நான் கவனிக்க வெகுநாள் ஆயிற்று. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. மடலைப் படித்த அதே பிள்ளைகளிடம் சேட்படையையும் சேர்த்துப் படிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

கருங்கல் வாசகி
சனி, இரவு 9.12

சட்டத்தையும் மறக்க வேண்டாம். வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னால் திரும்பத் திரும்பப் போவது, போனில் தொல்லை கொடுப்பது 2013ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து தனிக் குற்றம். இப்போது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு. முதல் தடவைக்கே மூன்று வருடம்வரை சிறை. அதே காரியத்தை நம் கதாநாயகன் செய்தால் பின்னணியில் புல்லாங்குழல் வாசிக்கிறோம்.

வயதும் கவனிக்க வேண்டியது. நாயகிக்கு 17, பையனுக்கு 18 என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் கண்ணில் அவள் குழந்தை, அவள் சம்மதம் கணக்கில் வராது. காதலை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த வயதுக்கு ஒரு வார்த்தை, ஒரு பஸ் பயணம் போதும். அதில்தான் இனிப்பும் இருக்கிறது.

பேச்சிப்பாறை
ஞாயிறு, காலை 5.15

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மழைப் பையனைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. 16 வயதிலிருந்து நான்கு வருடம் அப்பாவோடு பால் வெட்டினேன்.

அக்கா, அந்தக் காட்சியில் நீங்கள் எழுதாமல் விட்டது நிறைய இருக்கிறது. விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடிப்போனால் தடியில் காயம் பட்டு அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆகிவிடும், அப்புறம் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. இருட்டில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரத்தில் அந்த ஒரே அளவு கையில் நிற்க வேண்டும். என் அப்பா நான் வெட்டிய மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் அன்றைக்கு நான் ராஜா.

அப்புறம் நாற்றம். சிரட்டையில் ஒட்டி உறைந்துபோகும் பாலைத்தான் ஒட்டுப்பால் என்போம், அதன் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் நிற்கும். பால் எடுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போவேன். இடம் இருந்தாலும் உட்கார மாட்டேன், பின்வாசல் பக்கம் நின்றுகொண்டே போவேன். ஒரு பெண்பிள்ளை இருந்தாள். நான்கு வருடம் அதே பஸ். ஒரு நாள்கூட அவள் பக்கத்தில் போய் நிற்கவில்லை. அவள் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பாள்.

பையன்களுடைய வெட்கத்தை யாரும் எழுதுவதில்லை. பேசாமல் இருக்கும் கதாநாயகன் என்று எழுதுகிறார்கள், அவன் ஏன் பேசவில்லை என்று எழுதுவதில்லை. பணக்காரப் பையனின் மௌனத்துக்குத்தான் மர்மம் என்று பெயர். எங்கள் மௌனத்துக்குக் காரணம் விரலிடுக்கில் இருந்தது.

மட்டிப்பழம்
ஞாயிறு, காலை 9.30

அண்ணா, இதைப் படித்துவிட்டு அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். அவர்களும் பால் வெட்டியவர்கள்தான், கல்யாணத்துக்கு முன்.

அந்த அக்காவுக்கு நீங்கள் ஏன் பின்வாசலில் நின்றீர்கள் என்று தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தூத்தூர்க் கரை
ஞாயிறு, மதியம் 2.00

கடற்கரையிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் பையன்களைக் கதையில் எழுதும்போது எப்போதும் ஒரே உருவம். கறுத்த உடம்பு, விரிந்த மார்பு, அலையைக் கிழிக்கிறவன், கடைசியில் கடலோடு போகிறவன். எங்கள் வீடுகளில் போனவர்கள் உண்டு. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த நாள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று இந்தக் கரையோரத்தில் அந்த நாள் தொடாத தெரு இல்லை. ஒரு பெண்ணைக் கண்ணீர் விடவைப்பதற்காக மட்டும் எங்கள் பையனைக் கடலில் சாகடிக்காதீர்கள். படிக்கும்போது வலிக்கிறது.

எங்கள் பையன்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். அப்படிப் போகிறவன் போவதற்கு முன்னால் என்ன சொல்லிவிட்டுப் போகிறான், வந்ததும் முதலில் யாருக்குப் போன் அடிக்கிறான், ஒரு மாதம் பேசாமல் இருந்தவளிடம் எதை முதலில் பேசுவான் என்பதை எழுதலாம். என் மைத்துனன் திரும்பி வந்ததும், அவன் இல்லாத நாளில் வீட்டில் என்னென்ன நடந்தது என்று நாள்வாரியாகக் கேட்பான். தன் கதையை அப்புறம்தான் சொல்வான். அவன் மனைவி அவனைக் கட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

வடசேரி வாசகன்
ஞாயிறு, இரவு 7.20

இன்னொன்றையும் பேசிவிடலாம். நம் மாவட்டத்தில் ஒரு பையனின் ஊர், தெரு, அவன் அம்மா போகும் கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ தெரிந்தால் மிச்சமெல்லாம் தெரிந்துவிடும். நிஜத்தில் இங்கே எந்தக் காதலும் முதலில் முட்டுவது அதில்தான். ஆனால் இளையோர் கதைகளில் பையனுக்குச் சாதியும் இல்லை, மதமும் இல்லை. பயந்து விட்டுவிடுகிறோம். இதனால் பையன் அந்தரத்தில் நிற்கிறான். அக்கா, உங்கள் மழைப் பையன் யார்?

தொட்டிப்பாலம்
ஞாயிறு, இரவு 10.50

நேர்மையாகச் சொல்கிறேன், அதை நான் தீர்மானிக்காமலேயே தள்ளிப்போட்டேன். டியூஷன் பையனும் நாயகியும் ஒரே சபை என்று வைத்திருந்தேன், பிரச்சினை வராமல் இருக்க. மழைப் பையன் வேறு. அது எனக்குத் தெரியும், எழுதும்போதே தெரியும். அவன் அந்த அம்மாவின் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசல்வரை வந்தாலும் உள்ளே வரமாட்டான். ஏன் வரமாட்டான் என்று எழுத வேண்டும் என்பதால்தான் ஒரே பக்கத்தோடு அவனை அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது.

இன்று முழுக்க உட்கார்ந்து அந்த இடத்தைத் திரும்ப எழுதினேன். கொஞ்சம் இங்கே போடுகிறேன்.

*மழை விட்டபோது அவன் சிரட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். பாதிக்கு மேல் தண்ணீர். அவள் குடையோடு போய் நின்றாள்.*

*"எங்க அம்மைக்க பாலு முழுசும் கிடைச்சு" என்றாள்.*

*"ம்."*

*"உமக்கு?"*

*அவன் கையிலிருந்த சிரட்டையைப் பார்த்தான். கையைத் துடைக்க எதையோ தேடினான், சட்டையில் துடைத்தான், அப்புறம் இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டு பதில் சொன்னான். "நாளைக்கும் மரம் அங்கதான நிக்கும்."*

*ஏன் பின்னால் போனான் என்று அவளுக்குப் புரியவில்லை. வீடு வரைக்கும் யோசித்தாள்.*

டியூஷன் பையனை நீக்கவில்லை. அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். இனி அவன் உண்மையிலேயே கிட்டார் கற்றுக்கொள்கிறான், சுமாராக வாசிக்கிறான், அது அவனுக்கே தெரியும். தோழி இரண்டு பேரையும் கேள்வி கேட்கிறாள். டீச்சருக்கு நன்றி.

மட்டிப்பழம்
ஞாயிறு, இரவு 11.04

இரண்டு எட்டுப் பின்னால் போனது!! எனக்கு ஏன் என்று தெரியும், அவளுக்குத் தெரியாது. எப்போது தெரியும் அக்கா?

பேச்சிப்பாறை
திங்கள், காலை 5.02

அக்கா, நன்றாக வந்திருக்கிறது. நான் வேறு ஒன்றும் சொல்லப் போவதில்லை, ஒரு திருத்தம் மட்டும். முதல் பதிவில் நாயகி பிளஸ் டூ என்றீர்கள், கதை பரீட்சையோடு முடியும் என்று நினைக்கிறேன். அப்படியானால் மாசி, பங்குனி. அது ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கிற காலம். பெரும்பாலான தோட்டங்களில் வெட்டை நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்கும் வேலை இருக்காது, அவனுக்கும் இருக்காது. அவன் அந்த ஒரு மாதம் எங்கே போவான் என்று யோசியுங்கள். நான் களியக்காவிளை தாண்டிக் கொத்தனாருக்குக் கையாளாகப் போவேன். பஸ் வேறு, நேரம் வேறு.

தொட்டிப்பாலம்
திங்கள், காலை 6.45

அப்படியானால் அவள் பரீட்சைக்குப் போகிற நாட்களில் அவன் அந்த பஸ்ஸில் இருக்கவே மாட்டான். கடைசி அத்தியாயத்தை முழுக்க மாற்ற வேண்டும் தம்பி. கொத்தனார் வேலைக்குப் போனால் கையில் ஒட்டுப்பால் நாற்றம் போய்விடுமா? எத்தனை நாளில்?

பேச்சிப்பாறை
திங்கள், காலை 6.58

ஒரு வாரம். பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சிமென்ட் வாடைதான்.